கேட் நோட்டு

பால் கொடுத்தது நான்தான்.
பாக்கெட் பால், காய்ச்சி, ஆற்றி,
தேங்காய்ச் சிரட்டையில்.
அதற்குமேல் அவித்த சூடை இரண்டு,
முள்ளெடுத்து.
அது வாலாட்டித் தின்ற அழகில்
நானும் அன்றைக்கு ஒரு பிடி கூடுதலாய்த் தின்றேன்.

விடியுமுன்னே
சாக்கு, செருப்பு, வலைத்துண்டு
எல்லாவற்றிலும் மஞ்சள் தண்ணி.
நடுவில் நிற்கிறது குட்டி,
வேறு யாரோ செய்துவைத்ததைப்
பார்க்க வந்த மாதிரி.

உச்சிப்புளி டாக்டர் போனில் சொன்னார்:
பாலை நிறுத்து. மீனை நிறுத்து.
அரிசியைக் குழைய விட்டு வடித்த கஞ்சி
ஒன்றரை மணிக்கொரு தடவை இரண்டு ஸ்பூன்.
உப்பு மட்டும் போட்டுவிடாதே.

மண்டபத்தில் இருந்துகொண்டு
உப்பில்லாமல் எதைச் சமைக்க?
கிணற்றில் உப்பு.
குழாயில், வந்தால், உப்பு.
கொடியில் காய்ந்த சேலையை முகர்ந்தால் உப்பு.
மூடாத சட்டியில்
காற்றே ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் போகும்.
தண்ணி வண்டியை மறித்து
பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு குடம் வாங்கினேன்.
அதில் அரைப்பிடி அரிசி.

மருந்துக் கடையில் உப்புச்சர்க்கரைப் பொட்டலம்.
(இந்த உப்பு மட்டும் ஆகுமாம்.)
"பிள்ளைக்கு எத்தனை மாசம்?"
"ஒன்றரை."
"தாய்ப்பால் குடிக்குதா?"
"தாய் இல்லை."
அவன் முகம் மாறியதைப் பார்த்தபிறகு
நாய் என்று சொல்ல வாய் வரவில்லை.
சில்லறையில் இரண்டு ரூபாய் அதிகம் இருந்தது.
திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

நண்டுக் கம்பெனியில் எட்டு மணிக்கு உட்கார்ந்தால்
சதையெடுக்கிற கை மதியம்தான் நிமிரும்.
தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி,
ஒரு முடி விழுந்தால் ஒரு ட்ரே போச்சு.
லீவு கேட்டேன்.
"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றார்
சூப்பர்வைசர் ரிச்சர்டு.
சொன்னேன்.
சிரித்திருந்தாலாவது பரவாயில்லை.

கேட்டில் சாத்தையா.
அட்டைப்பெட்டியை வாங்கி
நாற்காலிக்கு அடியில், நிழல் பக்கமாய் வைத்தார்.
ஃபிளாஸ்க்கைப் பார்த்தார். ஸ்பூனைப் பார்த்தார்.
"எழுதிவைக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.
எதையும் எழுதிவைக்கிற மனுசன்.

டீக்கு விட்டதும் ஓடிவந்தேன்.
ஐஸ் லாரி, டிஎன் 65, முப்பது பார்.
அதற்குக் கீழே அதே நீல மையில்
அதே சாய்ந்த எழுத்தில்:

வண்டி எண்: இல்லை.
பெயர்: குட்டி.
8.10 கஞ்சி 2 ஸ்பூன். உள்ளே.
8.35 வெளியே. தண்ணி.
9.40 கஞ்சி 2 ஸ்பூன். உள்ளே.
10.20 வெளியே. தண்ணி. கொஞ்சம் குறைவு.

மதியம் என் விரலை நக்க வந்தது.
சோப்புப் போட்டாலும் போகாத நண்டு வாடை.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
காலால் அதன் முதுகைத் தடவினேன்.
பெட்டிக்குள் அது
என் பெருவிரல்மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது.
மணி அடிக்கும்வரை நின்றேன்.

"பெத்த பிள்ளைக்கே எவளும் இப்படிப் பார்க்கமாட்டா"
என்றாள் பக்கத்துப் பலகை பனிமயம்,
நண்டின் ஓட்டைப் பார்த்தபடி.
மறுநாள் கோழி நெஞ்சில் ஒரு துண்டு
அவித்து, பிய்த்து,
வாழையிலைப் பொட்டலமாய் என் மடியில் வைத்தாள்.
நக்கிப் பார்த்தேன்.
உப்பில்லை.

மூன்றாம் நாள் சங்கு ஊதி வெளியே வந்தால்
கேட்டில் ரிச்சர்டு, கையில் நோட்டு.
மாதக் கடைசி.
லாரி லாரியாய் இறங்கிவந்த விரல்
ஒரு வரியில் நின்றது:

4.40 வெளியே. கெட்டி.

சாத்தையா எழுந்துவிட்டார்.
நான் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.
ரிச்சர்டு பேனா மூடியைக் கழற்றி
லாரிக்கெல்லாம் போடுகிற அதே கிறுக்கலை
அதற்கு நேரேயும் போட்டு
பக்கத்தைத் திருப்பினார்.

இடத்தைக் காட்டினார் சாத்தையா.
வேலிக்கருவை ஓரம், மணலில்,
சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
குனிந்து பார்த்தோம், இரண்டு பேரும்.
அதற்குள் எறும்பு வந்திருந்தது.